எஞ்சினுக்கு ஒரு புள்ளி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்ததும், அந்த உலகத்தில் புழங்குகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: நம்பர் மேட்ச் ஆகிறதா? யார் ஓட்டினார்கள், எத்தனை வருடம் எங்கே கிடந்தது, எதை எப்போது கழற்றி மாற்றினார்கள் என்பதெல்லாம் பிறகு. பல சமயம் அந்தக் கேள்விகள் வருவதே இல்லை. சேஸிஸில் அடித்த எண்ணும் எஞ்சினில் அடித்த எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துப்போனால் அசல். எஞ்சின் எண் மட்டும் மாறினால் விலை பாதி. எண்ணே தொழிற்சாலை கொடுத்தது இல்லை என்றால் போலி, தீர்ந்தது. ஏலக்கூடத்திலும் சங்கத்திலும் பட்டறையிலும் இன்று இதுதான் வேதம். இது தவறு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இந்த நம்பிக்கை மோசடிக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது; நல்ல கார்களைச் சுரண்டித் தேய்த்துப் பாழாக்கியிருக்கிறது; நேர்மையாகச் செய்த கார்களைத் தலைகுனிய வைத்திருக்கிறது.

இந்த விஷயத்தைப் பேசத் தமிழில் மூன்று சொற்கள் இருக்கின்றன: அசல், நகல், போலி. சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனவர்களுக்கு இந்த மூன்றின் வேறுபாடும் தெரியும். அசல் பத்திரம் பெட்டியில் இருக்கும். நகல் வேண்டுமென்றால் மனுப் போட்டு வாங்கலாம். அதில் நகல் என்றே எழுதி முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். அதைக் கையில் வைத்திருப்பவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்வதில்லை. அசல் என்று சொல்லி நகலை நீட்டுகிறபோதுதான் போலி பிறக்கிறது. போலித்தனம் தாளிலோ மையிலோ இல்லை, நீட்டுகிறவரின் வாயில் இருக்கிறது. கார் உலகம் இந்த நடுச் சொல்லை இழந்துவிட்டது. அதற்கு நகலும் போலியும் ஒன்றாகிவிட்டன. இரண்டையும் பிரிக்கிற வேலையை, பேசத் தெரியாத ஓர் எண்ணிடம் ஒப்படைத்திருக்கிறது.

அந்த எண் எதற்காகப் பிறந்தது? நம் ஊரில் பழைய வண்டி கைமாறும்போது, சேஸிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அச்சு ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போனால் வண்டி திருட்டு வண்டி இல்லை என்று ஓரளவு நம்பலாம். வரி, காப்பீடு, திருட்டு, கிடங்குக் கணக்கு ஆகியவற்றுக்காக வந்ததுதான் எண். ஐம்பது ஆண்டு கழித்துக் கோடிக்கணக்கில் விலை வைப்பார்கள் என்று எந்தத் தொழிற்சாலைத் தொழிலாளியும் சுத்தியலை ஓங்கவில்லை. பந்தய அணிகளோ இன்னும் தாராளமாக நடந்துகொண்டன. ஐரோப்பாவில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் காரைக் கொண்டுபோகச் சுங்கப் பத்திரம் வேண்டும்; பத்திரம் எந்த எண்ணுக்கு இருக்கிறதோ அந்த எண் தகட்டைக் கழற்றி, அன்று ஓடக்கூடிய காரில் மாட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டியது அந்நாளைய சகஜம். பந்தயத்தில் வென்ற கார் எது என்று தகட்டைப் பார்த்துச் சொல்ல முயன்றவர்கள் பலர் இன்னும் முட்டிக்கொண்டிருப்பது இதனால்தான்.

எண் அழியவும் அழியும். ஷெவர்லே வி-8 எஞ்சினில் ஹெட் உட்காரும் தளத்தின் முன் ஓரத்தில், விரல் அகலத்தில் ஒரு சின்ன மேடை இருக்கிறது. எண் அங்கேதான். எஞ்சின் தேய்ந்து பட்டறைக்குப் போனால் அந்தத் தளத்தைச் சீவி மட்டமாக்குவார்கள். அது ஒழுங்கான வேலை, எஞ்சினுக்கு நல்லது. ஆனால் எண் போய்விடும். அதே எஞ்சின், அதே காரில், முதல் நாளிலிருந்து இருந்தது என்று சொந்தக்காரருக்குத் தெரியும். உலகத்துக்கு அது இனி எண் இல்லாத அனாதை. பக்கத்தில், வேறொரு காரிலிருந்து வந்த பிளாக்கைச் சீவி, பொருத்தமான எண்ணைப் புதிதாக அடித்து, தொழிற்சாலை இயந்திரம் விட்டுப்போன மெல்லிய கோடுகளைக்கூடத் திரும்பக் கீறி வைத்தால் அது மேட்சிங் நம்பர் கார்! இந்தத் தொழிலுக்கென்றே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். உதாரணத்துக்கு, ஷெவர்லேயின் 1967 கார்வெட்டில் எல்-88 என்ற எஞ்சினோடு வெளிவந்தவை 20 மட்டுமே. அந்த ஆண்டிலிருந்து பெட்ரோல் டேங்கின் மேல், எந்தெந்த அம்சங்களோடு கார் கட்டப்பட்டது என்று காட்டும் ஒரு தாளை ஒட்டினார்கள். தொழிற்சாலைக்கு அது குப்பை; இன்று அது சொத்துப் பத்திரம். அதனால் அந்தத் தாளையும் பழுப்பேற்றி, ஓரம் கிழித்து, புதிதாக அச்சடிக்கிறார்கள். எண்ணுக்கும் தாளுக்கும் நாம் எவ்வளவு விலை வைக்கிறோமோ அவ்வளவுக்கு எண்ணையும் தாளையும் செய்து தர ஆள் வருவார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

ஓர் அரசாங்கம் இந்தக் கேள்வியை எப்படி அணுகியது என்று பாருங்கள். பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை, பெரிதும் மாற்றிக் கட்டப்பட்ட வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருந்தது. சேஸிஸுக்கு 5, சஸ்பென்ஷனுக்கு 2, ஆக்சில்களுக்கு 2, கியர்பாக்ஸ் சார்ந்தவற்றுக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2, எஞ்சினுக்கு 1. மொத்தம் 8 புள்ளி தேறினால் பழைய எண் தொடரும். சந்தை தலையில் வைத்துக் கொண்டாடும் எஞ்சினுக்கு ஒரே ஒரு புள்ளி. எஞ்சின் தேயும், வெடிக்கும், மாற்றப்படும். அதற்காகத்தான் அதைக் கழற்றும்படி செய்திருக்கிறார்கள் என்பது அந்த அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கணக்கையும் நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. தயாரிப்பாளரிடம் நேற்று வாங்கிய புத்தம்புதுச் சேஸிஸுக்கும் அதே 5 புள்ளி கிடைத்தது. ஆனாலும், ஒரு காரின் அடையாளம் பல உறுப்புகளில் பரவியிருக்கிறது என்ற அளவிலாவது அது சந்தையைவிட அறிவுள்ளது.

எண்ணை மட்டும் பார்த்தால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் நடந்தது ஒரு சாட்சி. ஒருவர் 2017-ல் 1959 மாடல் கார்வெட் ஒன்றை வேறு மாநிலத்தில் வாங்கி, ஊருக்குக் கொண்டுவந்து பதிவுக்குப் போனார். சோதித்தவர்கள் எண் தகடு ஒருமுறை கழற்றி மாட்டப்பட்டிருப்பதைக் கண்டார்கள். ரிவெட்டுகள் தொழிற்சாலை ரிவெட்டுகள் இல்லை. முன்பு யாரோ காரைச் சீரமைத்தபோது தகட்டை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறார்கள். வாங்கியவர் எந்தத் தப்பும் செய்யாதவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் எண்ணில் கைவைத்த வண்டி அழிக்கப்பட வேண்டிய கள்ளப்பொருள் என்று சட்டம் சொன்னது. காரைப் பறித்துக்கொண்டார்கள். 2022-ல் சட்டமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்திய பிறகே கார் நசுக்கப்படாமல் தப்பித்து உடையவரிடம் வந்தது. அறுபது ஆண்டு வாழ்ந்த ஒரு கார், இரண்டு ரிவெட் காரணமாக இரும்புத் தூளாகியிருக்கும். சட்டம் திருட்டைத் தடுக்க வந்தது, அதை மன்னிக்கலாம். காரைக் காதலிப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் அதே ரிவெட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்படியென்றால் அசல் என்பது எது? இதற்கு நான் கண்ட வரையில் மிகத் தெளிவான பதிலைச் சொன்னவர் ஒரு நீதிபதி.

‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று பெயர்பெற்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார், லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1929-லும் 1930-லும் அடுத்தடுத்து வென்றது. இரண்டு முறையும் ஓட்டியவர்களில் ஒருவர் பென்ட்லி நிறுவனத்துக்குப் பணம் போட்ட வுல்ஃப் பர்னாட்டோ. முதல் ஆண்டு அவரோடு டிம் பர்கின், அடுத்த ஆண்டு கிளென் கிட்ஸ்டன். பந்தயக் கார் என்பதால் ஒவ்வொரு பருவத்திலும் பிரித்தார்கள், பலப்படுத்தினார்கள், மாற்றினார்கள். பிறகு 8 லிட்டர் எஞ்சின் வைத்தார்கள். 1932-ல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் அது சாய்தளத்தின் விளிம்பைத் தாண்டிப் பாய்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். உடைந்த காரை பர்னாட்டோ இரண்டு இருக்கை கூப்பே காராகக் கட்டச் சொன்னார். அதன் பிறகும் கைமாறியது, உருமாறியது.

சுமார் அறுபது ஆண்டு கழித்து அதை வைத்திருந்தவர் ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள்: இது ஓல்ட் நம்பர் ஒன்னே இல்லை என்றார்கள். வழக்கு 1990-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் முன்னால் வந்தது. ஒவ்வோர் உறுப்பாகச் சாட்சியம் எடுத்தார்கள். 1929-ல் வென்ற காரிலிருந்து திட்டவட்டமாக எஞ்சியது ஏறக்குறைய ஒன்றும் இல்லை. 1930 காரிலிருந்து கியர்பாக்ஸின் கூடு மாதிரிச் சில உறுப்புகள். எண் வேதத்தின்படி அந்த இடத்திலேயே வழக்கு முடிந்திருக்க வேண்டும். நீதிபதி வேறு வழியில் போனார். இதை ‘ஒரிஜினல்’ என்று சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இது யாரோ பின்னாளில் உதிரிகளைப் பொறுக்கிக் கட்டிய கார் இல்லை. பந்தய வாழ்வின் எந்தக் கட்டத்திலும் இந்தக் கார் இல்லாமல் போய்விடவில்லை. ஒவ்வொரு மாற்றமும் அது உயிரோடு ஓடிக்கொண்டிருந்தபோது, அதன் பெயரிலேயே நடந்தது. ஆகவே இதுதான் மெய்யான ஓல்ட் நம்பர் ஒன் என்று தீர்ப்பளித்தார்.

அந்தத் தீர்ப்பைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஒரு கியர்பாக்ஸ் கூட்டுக்கு ஒரு கோடி பவுண்டா என்றார்கள். அவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். லு மான் வென்ற நாளிலேயே அந்தக் காரில் எத்தனை உறுப்பு புதியது என்று எண்ணியிருந்தால் அன்றைக்கே பாதி தேறியிருக்காது. பந்தயக் கார் அப்படித்தான் வாழும். மாறாமல் இருந்த பந்தயக் கார் என்றால் அது ஓடாமல் நின்ற கார் என்று அர்த்தம். டன்ஃபீயின் உயிரை வாங்கிய கார் எது என்று கேட்டால் எல்லோரும் இதைத்தான் காட்டுவார்கள். அதற்கு யாரும் எண் கேட்பதில்லை. வெற்றிக்கு மட்டும் எண் கேட்பது என்ன நியாயம்?

சந்தையே தன் வேதத்தை மீறுகிறது. அதுவும் உச்ச விலையில். ஃபெராரி 250 ஜி.டி.ஓ. மொத்தம் 36 செய்தார்கள். அதில் 3413 ஜி.டி. என்ற கார் 2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்று வரை ஏலத்தில் எந்தக் காரும் அந்த விலையைத் தொட்டதில்லை. 1962-ல் தொழிற்சாலையை விட்டு வந்தபோது அந்தக் காருக்கு இருந்த உடல் வேறு. 1964-ல் ஸ்காலியெட்டி பட்டறையில் அந்த உடலைக் கழற்றிவிட்டு, கூரையும் பின்பக்கமும் வேறு வடிவத்தில் இருக்கும் இரண்டாம் உடலைப் போட்டார்கள். எஞ்சினும் சேஸிஸும் பழையவைதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் கண்ணால் பார்த்து, கையால் தடவி, மனம் உருகி விலை கேட்டார்களே, அந்த உருவம் இரண்டு வருடம் பிந்தியது. அதற்காக யாரும் ஒரு டாலர் குறைக்கவில்லை. ஏன்? அந்த மாற்றம் கார் பந்தயத்தில் இருந்த காலத்தில், பந்தயத்துக்காக, ஃபெராரி கார்களுக்கு உடல் கட்டிக்கொண்டிருந்த அதே கைகளால் நடந்தது. அது எப்போது, ஏன், யாரால் என்பது எல்லோருக்கும் தெரியும். வாழ்க்கைத் தொடர்ச்சியும், அதை மறைக்காத கணக்கும் இருந்தன. பணம் கொடுக்கும் நேரத்தில் சந்தை நீதிபதி ஆட்டன் பக்கம் வந்துவிடுகிறது; பேசும்போது மட்டும் எண்ணுக்குத் திரும்பிப் போகிறது.

இங்கே ஒரு நல்ல ஆட்சேபம் உண்டு. அதைத் தள்ளிவிட்டுப் போகக் கூடாது. எண்ணை விட்டுவிட்டுக் கதையைப் பிடித்தால், கதை கட்டத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வானே? சரியான பயம்தான். பென்ட்லியிலேயே உதாரணம் இருக்கிறது. 1930 மார்ச்சில் பர்னாட்டோ, கானிலிருந்து புறப்படும் நீல ரயிலை ஸ்பீட் சிக்ஸ் காரில் முந்திக் காட்டினார். கர்னி நட்டிங் உடல் கட்டிய, தாழ்ந்த கூரையுள்ள ஒரு கூப்பேதான் அந்தக் கார் என்று உலகம் பல பத்தாண்டுகள் நம்பியது. ஓவியம் வரைந்தார்கள், பெயரும் வைத்தார்கள். பிறகு தேதிகளை ஒட்டிப் பார்த்தபோது, ரயிலோடு ஓடிய நாளில் அந்தக் கூப்பே கட்டி முடிக்கப்படவே இல்லை; அவர் ஓட்டியது எச்.ஜே. மல்லினர் உடல் கட்டிய நான்கு கதவுச் சலூன் என்று தெரிந்தது. நான் சொல்லும் வாழ்க்கைத் தொடர்ச்சி என்பது இப்படிப்பட்ட அழகான கதை இல்லை. பில், பட்டறைக் குறிப்பு, பந்தயத்தில் எடுத்த புகைப்படம், பழைய சொந்தக்காரரின் கடிதம், உலோகத்தில் உள்ள வெல்டிங் தழும்பு, பெயின்ட்டின் அடுக்கு: இத்தனையும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும். எண்ணும் இந்தச் சாட்சிகளில் ஒன்று, நல்ல சாட்சியும்கூட. அதைக் கூண்டிலிருந்து இறக்கி நீதிபதி நாற்காலியில் உட்காரவைத்ததுதான் பிழை. கூப்பே விஷயத்தில் பொய்யைப் பிடித்துக் கொடுத்ததும் தேதி பார்த்த ஆராய்ச்சிதான். எண் அந்தக் காரில் சரியாகவே இருந்தது.

எண் வேதம் தோற்றுப்போகிற இன்னோர் இடம் உண்டு. பந்தயத்தில் வளைந்துபோன சட்டகத்தைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, தொழிற்சாலை புதுச் சட்டகம் வைத்து அதே எண்ணை அடிக்கிறது. கார் இன்னும் பல ஆண்டு ஓடுகிறது. முப்பது நாற்பது வருடம் கழித்து மூலையில் கிடந்த பழைய சட்டகம் ஒருவர் கையில் கிடைக்கிறது. வளைவை நிமிர்த்தி, புது உடல் கட்டி, வேறொரு எஞ்சின் வைத்து, இதுதான் அசல் என்கிறார். இரண்டு கார்கள், ஒரே எண், இரண்டும் தொழிற்சாலை அடித்ததே. எண்ணைக் கேட்டால் இரண்டு பேருக்கும் ஆமாம் என்கிறது. வாழ்க்கையைக் கேட்டால் குழப்பமே இல்லை: ஓடிக்கொண்டே இருந்ததுதான் அந்தக் கார். மற்றது பழைய எலும்பு ஒன்றைத் தனக்குள் வைத்திருக்கும் புதுக் கார். அந்த எலும்புக்கு மரியாதை உண்டு. அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தால் இன்னும் கூடுதல் மரியாதை கிடைத்திருக்கும்.

எண்ணை நம்பாதவர்களில் சிலர் இன்னொரு தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள்: தயாரிப்பு நிறுவனம். அது செய்தால் அசல், வெளியாள் செய்தால் போலி. ஜாகுவார் 1963-ல் 18 லைட்வெயிட் ஈ-டைப் கார்களுக்கு எண் ஒதுக்கி, 12 தான் கட்டியது. 2014-ல் மிச்சமிருந்த அந்த 6 எண்களில் 6 கார்களைக் கட்டி விற்றது. எக்ஸ்.கே.எஸ்.எஸ். மாடலில் 25 செய்ய நினைத்தார்கள். 1957 பிப்ரவரி 12 இரவு கவென்ட்ரியில் பிரௌன்ஸ் லேன் தொழிற்சாலை தீப்பிடித்து 9 எரிந்துபோனதால் 16-டன் நின்றது. 2016-ல் அந்த 9-ஐயும் கட்டப்போவதாக அறிவித்தார்கள். வேலை அற்புதமான வேலை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எரிந்த கார் திரும்பி வராது. வெல்டிங் செய்தவர் வேறு, அலுமினியம் வேறு, அந்தக் காலத்தில் ஓடி அடிபட்ட அனுபவம் அதற்கு இல்லை. தாத்தாவின் வீட்டுப் பத்திரத்தைப் பேரன் தன் கையால் எழுதினாலும் அது நகல்தான். நல்ல நகல், உரிமையுள்ள நகல், ‘கன்டினியுவேஷன்’ என்று வெளிப்படையாகச் சொன்ன நகல். அவ்வளவுதான்.

பேரனே போலியும் செய்யலாம். கோப்ராவைப் படைத்த கேரல் ஷெல்பி, 1990-களின் தொடக்கத்தில், 1965-லிருந்து எஞ்சிக் கிடந்த சட்டகங்கள் என்று சொல்லிப் புதுக் கோப்ராக்களைக் கட்டினார். அந்தச் சட்டகங்கள் அண்மையில் செய்தவை என்று 1993-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் வெளிப்படுத்தியது, அவரும் ஒப்புக்கொண்டார். எண் அவருடையது, பெயர் அவருடையது, கார் அவருடைய படைப்பு. ஆனாலும் சொன்ன சொல் பொய்யாக இருந்ததால் அந்த நேரத்தில் அவை போலி. பிறகு அதே மாதிரியான கார்களைப் புதிய எண் வரிசையில், புதியவை என்றே சொல்லி விற்றபோது அவை மதிப்பான நகல்களாகிவிட்டன. உலோகத்தில் என்ன மாறியது? வாய்ச்சொல் மட்டும்தான் மாறியது.

இந்தத் தெய்வத்தை நம்பித்தான் நிறுவனங்கள் நீதிமன்றத்துக்கும் போகின்றன. 250 ஜி.டி.ஓ. ஒரு கலைப்படைப்பு, அதைப் பிறர் நகலெடுக்கக் கூடாது என்று 2019-ல் பொலோன்யா நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு ஐரோப்பிய அறிவுசார் சொத்து அலுவலகம் அந்த வடிவத்தின் மீது ஃபெராரி வைத்திருந்த வணிகச் சின்னத்தில் ஒரு பகுதியை ரத்து செய்தது. ஸ்வீடனில் ஜாகுவார் சி-டைப் நகல் கட்டிய ஒரு தம்பதியை எதிர்த்து நிறுவனம் 2020-ல் வென்றது. 2023-ல் மேல்முறையீட்டில் தோற்றது. வடிவத்தின் உரிமை யாருக்கு என்பது தனி வழக்கு. அதில் இரு பக்கமும் நியாயம் உண்டு. அசல் எது என்ற கேள்வியை அதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது.

நகல்களைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். எனக்கு இதில் சொந்த வருத்தம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய கார் கண்காட்சியில், லோட்டஸ் செவன் பாணியில் தாழ்வாக, முன்சக்கரங்கள் வெளியே தெரிய ஒரு கார் நின்றது. பார்க்க வந்தவர்கள் குனிந்து குனிந்து ரசித்துக்கொண்டிருந்தார்கள். “என்ன வருஷம் சார் இது?” என்று ஒருவர் கேட்டார். பக்கத்தில் நின்ற பெரியவர், லேத் பட்டறையில் ஆயுளைக் கழித்தவர், “லோட்டஸ் இல்ல தம்பி, நானே செஞ்சது. ஒம்போது வருஷம் ஆச்சு” என்றார். “அட, டூப்ளிகேட்டா?” என்று கேட்டவர் நகர்ந்துவிட்டார், அவரோடு வந்தவர்களும் நகர்ந்துவிட்டார்கள். அந்தப் பெரியவர் உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த கூலி அது. பொய் சொல்லியிருந்தால் கைகுலுக்கியிருப்பார்கள்.

அவரிடமிருந்து நகர்ந்தவர்களுக்கு லோட்டஸ் செவனின் வரலாறு தெரியாது. 1957-ல் வந்த அந்தக் காரைக் காலின் சாப்மன் பெரும்பாலும் உதிரிப் பெட்டியாகவே விற்றார். முழுக் காராக வாங்கினால் பிரிட்டனில் கொள்முதல் வரி. பெட்டியாக வாங்கி வீட்டுக் கொட்டகையில் பூட்டினால் வரி இல்லை. வார இறுதியில், மாமனாரிடம் இரவல் வாங்கிய ஸ்பேனரோடு யாரோ பூட்டியவைதான் இன்று அசல் என்று விலை போகிற செவன்கள். 1973-ல் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. அவர்கள் இன்றும் அதன் வழிவந்த கார்களைக் கட்டுகிறார்கள், பெட்டியாகவும் தருகிறார்கள். தொழிற்சாலையில் பூட்டியதா கொட்டகையில் பூட்டியதா என்ற கேள்வி இங்கே ஒரு காசுக்குப் பெறாது. அர்ஜென்டினாவின் பரானா நகரில் பூர் சாங் பட்டறையினர் புகாட்டி டைப் 35-ஐத் திருகாணி முதல் எல்லாம் தாங்களே செய்து கட்டுகிறார்கள். பந்தயங்களில் ஓடிய ஆட்டோ யூனியன் வெள்ளிக் கார்களில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் பக்கம் போய்த் தொலைந்துவிட்டதால், ஆவுடி நிறுவனம் இங்கிலாந்தின் கிராஸ்த்வெயிட் அண்ட் கார்டினர் பட்டறையில் சிலவற்றைத் திரும்பக் கட்டச் சொன்னது. மறுபடைப்பு என்றே சொல்லித்தான் ஓட்டிக் காட்டுகிறது. அந்த 16 சிலிண்டர் சத்தத்தை இன்று ஒருவர் காதால் கேட்க முடிகிறது என்றால் அதில் அந்த நகல்களுக்கும் பங்கு உண்டு. அவற்றைப் போலி என்கிறவருக்குக் காது கேட்கவில்லை என்றுதான் நினைப்பேன். நகலுக்கும் வயதாகிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். 1980-களில் கட்டிய கோப்ரா நகல்களுக்கு இப்போது நாற்பது வயது. அவற்றுக்கும் பில்களும் தழும்புகளும் கைமாறிய கதைகளும் சேர்ந்துவிட்டன. தன் பெயரில் நிற்கும் வரை ஒவ்வொன்றும் தன்னளவில் அசல்தான்.

கடைசியாக, எண் வேதம் செய்த பெரிய சேதம் அசல் கார்களுக்கே நேர்ந்தது. எண் சரியாக இருந்தால் போதும் என்றானதும், மற்றதையெல்லாம் ‘தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளின் நிலைக்கு’ கொண்டுபோகிறேன் என்று கிளம்பினார்கள். மெக்கானிக் இரவோடு இரவாக வெல்டிங் வைத்த தாங்கியை அறுத்தார்கள். எடை குறைக்கத் துளைத்த துளைகளை அடைத்தார்கள். அடியில் மங்கித் தெரிந்த பந்தய எண்ணைப் பெயின்ட்டோடு சுரண்டினார்கள். எதனால் அந்தக் காருக்குப் பெயர் வந்ததோ அதையெல்லாம் துடைத்துவிட்டு, எதுவும் நடப்பதற்கு முந்தைய நாளுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான எஃப்.ஐ.வி.ஏ.வின் டூரின் சாசனம், இருப்பதைக் காப்பதே முதல் கடமை, சீரமைப்பு அதற்கு அடுத்துதான் என்று சொல்கிறது. காலம் கடந்து வந்த புத்தி. நிறையக் கார்கள் அதற்கு முன்பே சுரண்டப்பட்டுவிட்டன.

சுரண்டப்படாமல் தப்பிய ஒன்று பிலடெல்ஃபியாவின் சிமியோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஷெல்பி டேடோனா கூப்பே மொத்தம் 6 செய்தார்கள். அதில் முதலாவது இது. பீட்டர் பிராக் வரைந்தது. 1964-ல் டேடோனாவில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தபோது பிட்டில் தீப்பிடித்தது. அதே ஆண்டு செப்ரிங்கில் தன் பிரிவில் வென்றது. 1965 நவம்பரில் பான்வில் உப்பளத்தில் வேகச் சாதனைகளுக்காக ஓடியது. பிறகு பல பத்தாண்டுகள் ஒரு கிடங்கில் மறைந்து கிடந்தது. அருங்காட்சியகம் அதைப் பளபளப்பாக்கவில்லை, தழும்புகளோடு விட்டுவைத்திருக்கிறது. 2014-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேடு தொடங்கியபோது அதில் ஏறிய முதல் வாகனம் இதுதான்.

அதை வரைந்த பிராக் பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் தயாராகும் சூப்பர்ஃபார்மன்ஸ் காருக்காக அதே கூப்பேயைத் திரும்ப வரைந்தார். உள்ளே நெருக்கடியாக இருந்த இடத்தைப் பெரிதாக்கினார், உயரமானவரும் உட்காரலாம். பழைய காரின் எண்ணை அதற்குக் கொடுக்கவில்லை. ‘பிராக் கூப்பே’ என்று தன் பெயரைக் கொடுத்து விற்பனைக்கு அனுப்பினார்.